ஈர விறகும் ஜீவகாருண்யமும்

மார்கழித் திருவாதிரை நன்னாளில், கூத்தப்பெருமான் ஆருத்திரா தரிசனம் தந்தருளும் வேளையில், சிதம்பரத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும், வடக்கே கடலூர் வரைக்கும், சைவ நெறியைப் பேணும் இல்லங்களில் எல்லாம் ஒரே பண்டம் அடுப்பில் வேகிறது. பச்சரிசியை வறுத்து ரவையாக உடைத்து, வெல்லப்பாகில் இட்டுக் கிளறி, தேங்காயும் ஏலமும் நெய்யும் சேர்த்து இறக்கும் களி அது. கூடவே ஏழுகறிக் குழம்பும் கொதிக்கும்.

இந்தக் களிக்குக் காரணராகச் சொல்லப்படுகிறவர் சேந்தனார். ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்ற திருப்பல்லாண்டைப் பாடிய அவர், தில்லையில் விறகு வெட்டி விற்று, அதில் வந்த பொருளைக் கொண்டு நாள்தோறும் ஓர் அடியாருக்கேனும் அமுது படைத்த பின்னரே தாம் உண்ணும் நியமம் பூண்டிருந்தார் என்பதும், ஒரு நாள் விடாமழையில் விறகு முழுதும் நனைந்துபோய் வாங்குவாரின்றி, அரிசிக்கு வழியில்லாமல், வீட்டில் இருந்த மாவைக் களியாகக் கிளறிக் காத்திருந்தபோது இறைவனே அடியார் வடிவில் வந்து உண்டு, மிச்சத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான் என்பதும், மறுநாள் காலையில் சந்நிதியைத் திறந்தவர்கள் அங்கே களி சிதறிக் கிடக்கக் கண்டார்கள் என்பதும் வழிவழியாக வரும் வரலாறு.

இதைக் கேட்கிறவர்கள் பக்தியின் எளிமையை எண்ணி உருகுகிறார்கள், உருகத்தான் வேண்டும். ஆனால் என் மனம் எப்போதும் அந்த விறகில் போய் நிற்கிறது. விலைபோகாத விறகு வீட்டில் கிடந்தது. வேறு விறகு வாங்கக் காசு இல்லை. ஆகவே இறைவன் உண்ட களி அந்த ஈர விறகில்தான் வெந்திருக்க வேண்டும். ஈர விறகு எரியும் விதம், அதை ஊதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அறுபட்ட முனையில் நுரை தள்ளும், சீறும், பற்றிக்கொண்டது போலக் காட்டிவிட்டு அணையும், வீடு முழுவதும் புகை மண்டிவிடும். ஊதாங்குழலை வாயில் வைத்துக் குனிந்திருந்த முகத்தைப் பற்றி அந்த வரலாறு ஒன்றும் சொல்லவில்லை. அடியாராய் வந்தவனுடைய பசி தீர்ந்தது. சேந்தனாருடைய விரதமும் நிறைவேறியது. அடுப்படியில் இருந்தவருடைய கண்ணுக்கும் மார்புக்கும் நேர்ந்தது என்ன என்னும் வினா மட்டும் கேட்கப்படாமலே போயிற்று.

வீட்டுக்கு ஒரு சிறிய விறகடுப்பு வாங்க வேண்டும் என்று நினைக்கிறவர், அதன் விலையையும், விறகுச் செலவையும், கொல்லையில் அதற்குள்ள இடத்தையும் எண்ணிப் பார்க்கிறார். அது சமய விசாரத்துக்கு உரிய விஷயம் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. அக்கினியைத் தெய்வமென்று போற்றிய ஒரு நாட்டில், அக்கினி நாள்தோறும் வந்து இறங்குகிற இடத்தைப் பற்றிய விசாரம் கடைக்காரரோடு முடிந்துவிடுவது சரியா என்று நான் வினவ விரும்புகிறேன். ஒரு தீ புனிதமானது என்று நாம் எதைக் கொண்டு சொல்கிறோம்? அதை மூட்டும்போது சொல்லப்படும் மந்திரத்தைக் கொண்டா, அதில் சொரியப்படும் நெய்யைக் கொண்டா, அல்லது அந்தத் தீ யாரை வாழ்விக்கிறது, யாரை வருத்துகிறது என்பதைக் கொண்டா?

இந்த வினாவை எழுப்புவதற்குக் கடலூர்ச் சீமையைவிடத் தகுந்த நிலம் வேறு இல்லை. பண்ணுருட்டிக்கு அருகே உள்ள திருவதிகை, இறைவன் முப்புரங்களை எரித்த வீரட்டானம் எனப் போற்றப்படுவது. சிதம்பரத்தில் ஆடுகின்ற பெருமானோ இடக்கை ஒன்றில் தீயையே ஏந்தியிருக்கிறான். அந்தத் தீக்குப் பொருள் சொன்னவர்களில் ஒருவர் அதே திருவதிகையைச் சேர்ந்த மனவாசகங் கடந்தார். அவருடைய ‘உண்மை விளக்கம்’ என்னும் சாத்திர நூல், உடுக்கையில் சிருஷ்டியையும், அமைத்த கரத்தில் ஸ்திதியையும், தீயில் ஸம்ஹாரத்தையும், ஊன்றிய திருவடியில் திரோபாவத்தையும், தூக்கிய திருவடியில் அனுக்கிரகத்தையும் காட்டுகிறது. ஸம்ஹாரம் என்பது உயிர்களை மாய்ப்பதன்று, உயிர்களை இளைப்பாற்றுவது என்பதே சைவ சித்தாந்திகளின் துணிபு. அப்படியானால், தெய்வத்தின் கையில் இருக்கும் வரையில் தீ கருணையின் வடிவாகவே இருக்கிறது. அது நம் கைக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் நாம் அஞ்சிப் பார்க்க வேண்டியது.

நம் முன்னோர் இதைப் பாராமல் இல்லை. தர்ம சாஸ்திரங்கள் கிருகஸ்தனுடைய வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் இருப்பதாகச் சொல்லுகின்றன: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம். பஞ்சஸூனம் என்பது அதற்குப் பெயர். மனு ஸ்மிருதி அந்த ஐந்தில் அடுப்பையே முதலில் வைக்கிறது. விறகோடு வந்த எறும்பும் செல்லும், தீயில் வந்து விழும் பூச்சியும், நாம் அறியாமலே நம் உணவுக்காக மடிகின்றன. அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாகவே வேதம் ஓதுதல், பிதிர்க்களுக்கு நீர் இறைத்தல், தேவர்களுக்கு ஆகுதி தருதல், பிற உயிர்களுக்குப் பலி இடுதல், விருந்தினருக்கு அன்னம் இடுதல் என்னும் ஐந்து வேள்விகள் விதிக்கப்பட்டன. சோறு பொங்குகிற இடத்தைக் கொலைக்களம் என்று துணிந்து சொன்ன அந்த அறவுணர்ச்சியின் கூர்மையை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது. அவ்வளவு கூர்மையோடு எறும்பையும் பூச்சியையும் எண்ணிக் கணக்கிட்டவர்கள், அடுப்பின் முன்னால் அமர்ந்திருந்த மானிட உயிரை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லையே என்ற வருத்தமும் அந்த மெய்சிலிர்ப்போடு கூடவே எழுகிறது.

அவர்கள் காலத்தில் அது தெரிய நியாயமில்லை என்று சொல்லலாம். கண் எரிகிறது என்பது தெரிந்திருக்கும்; இருமல் வருகிறது என்பதும் தெரிந்திருக்கும்; ஆனால் கண்ணில் வளரும் புரையும், மார்பில் அடைபடும் மூச்சும், தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் நிமோனியாக் காய்ச்சலும் அந்தப் புகையின் தொடர்ச்சி என்பதை நம் காலம்தான் நிறுவியது. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளுக்குள் சென்று புகையை அளந்து பார்த்து, விறகில் சமைப்பவர் மட்டுமன்றி அந்த வீட்டில் சும்மா இருப்பவரும் அதற்கு இலக்காவதைக் காட்டினார்கள். வீட்டுப் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அடுப்பைக் கொலைக்களம் என்று சொன்ன சாஸ்திரம், தான் எண்ணியதைவிடப் பெரிய உண்மையையே சொல்லியிருக்கிறது.

இனி வடலூருக்கு வருவோம். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் பிறந்த வள்ளலார் இராமலிங்க சுவாமிகள், 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், பிரபவ வருஷம் வைகாசி மாதம் 11ஆம் தேதி, வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அதன் அடுப்பை மூட்டினார். நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்துக் குடிமக்கள். 21 அடி நீளமும், இரண்டரை அடி அகலமும், இரண்டரை அடி ஆழமுமாக அமைந்த அந்தக் கோட்டை அடுப்பு, வரிசையாக ஏற்றிய அண்டாக்களின் கீழே அன்று தொடங்கி இன்று வரையில் கனன்றுகொண்டே இருக்கிறது. மூட்டிய காலத்தை நினைவு கூர்தல் வேண்டும். அதற்கு முந்திய ஆண்டில் சென்னை மாகாணத்தில் பஞ்சம். அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் தாது வருஷத்துக் கொடும்பஞ்சம். அந்த இரண்டுக்கும் நடுவே, பெருநிலக்கிழாரோ அரசரோ அல்லாத ஒரு துறவி, ஜாதியும் மதமும் கேளாமல் பசித்தவர் யாவருக்கும் சோறு என்ற ஒரே விதியோடு இந்த அடுப்பை மூட்டினார்.

அவருடைய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் நூலைப் படித்தவர்கள், பசியை அவர் ஒரு நெருப்பாகவே கண்டதை நினைவில் வைத்திருப்பார்கள். ஏழைகளின் தேகத்துக்குள் மூண்டு எரிகிற அந்தத் தீயை ஆகாரத்தினால் அவிப்பதே ஜீவகாருண்யம் என்பது அவருடைய உபதேசத்தின் சாரம். இதை ஒட்டி நான் சிந்திப்பது இது. வேள்விக் குண்டத்தில் தீ ஆகுதியை உண்கிறது; தருமச்சாலை அடுப்பில் தீ ஒன்றையும் தனக்கென்று கொள்வதில்லை. அது வெளியில் எரிந்து, உள்ளே எரியும் மற்றொரு தீயை அவிப்பதற்கு வேண்டியதைச் சமைத்துக் கொடுக்கிறது. கார்ஹபத்யம், ஆகவனீயம், தக்ஷிணாக்னி என்று மூன்று தீக்களை வளர்த்தவர்கள் அவற்றை வட்டமாகவும் சதுரமாகவும் அரைமதியாகவும் அமைத்து, அளவு பிசகாமல் காத்தார்கள். வள்ளலாரோ அந்த அக்கறை முழுவதையும் சமையலறைக்குக் கொண்டு வந்து, சமையலறைத் தீயையே நித்திய அக்கினி ஆக்கினார். சென்ற நூற்றாண்டுகளில் நம் சமய வாழ்வில் நிகழ்ந்த மாறுதல்களுள் இதற்கு இணையான மற்றொன்றை நான் காணவில்லை.

தீயை வைத்து மனிதனைச் சோதித்த வேறொரு வரலாறும் இதே மண்ணில்தான் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது. நந்தனார் எனப்படும் திருநாளைப்போவார் தில்லைக்குள் நுழைய வேண்டுமானால் தீயில் மூழ்கி எழ வேண்டும் என்று பெரிய புராணம் விதித்துவிட்டது. இறைவன் ஆணையினாலே அது நடந்தது என்று சேக்கிழார் பெருமான் சொல்லுகிறார். அவருடைய வாக்கை நான் தலைமேற் கொள்கிறவன். ஆயினும், அன்பு ஒன்றையே உடைமையாகக் கொண்டு வந்த ஒருவருடைய மேனியைக் கேட்ட தீயையும், வந்தவருடைய குலத்தைக்கூடக் கேளாத வடலூர்த் தீயையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, என் உள்ளம் எந்தத் தீயின் முன்னால் கைகூப்புகிறது என்பதை நான் மறைக்க முடியாது. நந்தனாருடைய நினைவு சூழ்ந்த அந்தச் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டில் நந்தனார் பெயரால் கல்விச்சாலை தொடங்கியதும், இந்த இரண்டாவது வகைத் தீயின் ஒளியிலே நடந்த காரியம் என்றே கருதுகிறேன்.

ஜீவகாருண்யம் உண்பவருடைய இலையோடு நின்றுவிடுவதா, சமைப்பவருடைய மூச்சு வரைக்கும் செல்வதா? செல்வதென்றால், வீட்டு அடுப்பைத் தேர்ந்தெடுப்பது ஓர் ஒழுக்கமாகிறது. அதற்குப் பக்தி மட்டும் போதாது. தீயின் இயல்பைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

விறகு நேராக எரிவதில்லை என்பது முதல் பாடம். சூடேறிய விறகிலிருந்து வாயுக்கள் புறப்படுகின்றன. ஏறக்குறைய 600 டிகிரி வெப்பமும் போதிய காற்றும் கிடைத்தால் அந்த வாயுக்கள் சுடராக எரிந்து தீர்கின்றன. வெப்பம் குறைந்தாலோ காற்று எட்டாவிட்டாலோ எரியாமல் வெளியேறுகின்றன; அப்படி எரியாமல் போவதே புகை. ஆகவே புகை என்பது தீயின் இயற்கையான துணைவன் அன்று. முடிக்கப்படாமல் விடப்பட்ட தீ அது. பச்சை மரத்தின் எடையில் பாதி அளவுக்குக்கூட நீர் இருக்கும். அந்த நீரைக் கொதிக்க வைத்துத் துரத்துவதிலேயே வெப்பம் செலவாகிவிடுவதால் ஈர விறகில் சுடர் எழுவதில்லை. நன்கு பிளந்து, மழை படாத இடத்தில் மாதக்கணக்கில் அடுக்கி உலர்த்திய விறகு இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஈரமுள்ளது மந்தமாக ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர், அடுப்பைத் தொடுவதற்கு முன்பே பாதிப் புகையை வீட்டுக்கு வெளியில் நிறுத்திவிட்டார்.

மீதிப் பாதி அடுப்பின் அமைப்பில் இருக்கிறது. மூன்று கல்லைக் கூட்டி எரிக்கும்போது விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பானையைச் சேர்கிறது. மற்றதெல்லாம் காற்றோடு போகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம், எடுத்துச் செல்லக்கூடிய விறகடுப்புகளுக்கு விதித்திருக்கும் குறைந்த அளவு, தானே காற்று இழுப்பதற்கு 25 சதவீதம், விசிறி வைத்ததற்கு 35 சதவீதம். கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியவை நுணுக்கமானவை, ஆனால் கண்ணுக்குத் தெரிபவை. விறகு நேரே தரையில் படுத்திருக்கக் கூடாது. கீழே கம்பித் தட்டு இருந்து, அதனடியிலிருந்து காற்று ஏற வேண்டும். வாய் சிறியதாக இருக்க வேண்டும். வாய் அகன்றால் கை தாராளமாகிவிடும், விறகு நிரம்பினால் காற்று அடைபடும். பானை அமரும் குமிழ்களுக்கு இடையே தீ தவழ்ந்து வெளியேற ஒரு விரற்கடை அளவு சந்து விட்டிருக்க வேண்டும். சந்து அதிகமானால் சுடர் பானையைத் தொடாமல் பக்கவாட்டில் ஓடிவிடும்; குறைந்தால் சுடர் மூச்சு முட்டிப் புகையும். பெருவிரல் பருமனுக்குப் பிளந்த சுள்ளிகள், நுனி மட்டும் எரிய, எரிய எரிய உள்ளே தள்ளப்பட வேண்டும். சமையல் முடிந்த பின் பானையின் அடியைத் தொட்டுப் பார்த்தால் அடுப்பின் குணம் தெரிந்துவிடும்: உலர்ந்த மெல்லிய கரியானால் தீ நன்றாக எரிந்திருக்கிறது, பிசுபிசுத்துப் பளபளக்கும் கரியானால் எரிய வேண்டியது எரியாமல் போய் அங்கே ஒட்டியிருக்கிறது, அங்கே ஒட்டியதைவிட அதிகம் சமைத்தவருடைய மார்பில் போயிருக்கிறது.

இரும்பா, மண்ணா என்று கேட்பார்கள். இரும்பு விரைவில் சூடேறும். சூடேறிய அதன் பக்கத்தில் குழந்தையின் கை பட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மண் தொடக்கத்தில் கொஞ்சம் வெப்பத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். பிறகு சுட்டுவிடாமல் காத்துவைக்கும். உமியும் வைக்கோல் துணுக்கும் சேர்த்துப் பிசைந்த மண், வெப்பத்தை உள்ளே நிறுத்துவதில் இன்னும் நல்லது. என் மனம் மண்ணின் பக்கமே சாய்கிறது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் தில்லைவாழ் அந்தணருக்கு அடுத்தபடியாகவே வணங்கும் தனியடியார், தில்லையில் மண்பாண்டம் வனைந்து, அடியார்களுக்குத் திருவோடு அளித்துவந்த திருநீலகண்டக் குயவனார். அவர் மரபில் சக்கரம் சுழற்றுகிறவர்கள் இந்த மாவட்டத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். சந்து எத்தனை விரற்கடை, தட்டு எவ்வளவு உயரம் என்று நாம் அறிந்து சொன்னால், அவர்கள் கை அதை நம் வீட்டுப் பானைக்குப் பொருத்தமாகவே செய்து தரும். ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அன்றைய கூலியும் கிடைக்கும்.

புகையே இல்லாத கரியைப் பயன்படுத்தினால் என்ன என்று சிலர் கேட்கலாம். கும்முட்டி அடுப்பில் மரக்கரியை எரித்த காலமும், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த லெக்கோவை வாங்கி எரித்த காலமும் இப்பகுதியினருக்கு நினைவிருக்கும். கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் கரித்தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாதது. கதவடைத்த அறையில் அது உறங்குகிறவர்களை உறக்கத்திலேயே கொன்றுவிடும். பிரத்தியட்சமான துன்பத்தைவிடச் சூட்சுமமான துன்பத்துக்கு அதிகம் அஞ்ச வேண்டும் என்பதை இங்கே ஸ்தூலமாகவே காண்கிறோம்.

எரிவாயு வந்துவிட்ட காலத்தில் விறகடுப்பே எதற்கு என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. அன்றாடச் சமையலுக்கு எரிவாயு கிடைக்குமாயின், சமைப்பவரின் உயிரைக் காப்பது அதுவே; இதில் எனக்கு ஐயமில்லை. பழமையின் மேலுள்ள பற்றினால் ஒரு பெண்ணைப் புகையில் உட்கார வைப்பது பாவம். ஆனால் 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததைக் கண்டவர்கள் விறகடுப்பை அவ்வளவு எளிதில் வீட்டை விட்டு அனுப்பிவிட மாட்டார்கள். சாலைகளில் மரங்கள் விழுந்து கிடந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும், தலைமுறைகளின் உழைப்பெல்லாம் ஒரே பகலில் வீழ்ந்தாற்போல, வேரோடு சாய்ந்தன. அந்த வேளையில் கையில் இருப்பதைக் கொண்டு ஒரு பிடி அரிசி பொங்க வழி இருப்பது வீட்டுக்கு ஒரு பலம். அதை நினைத்து வாங்குகிறவர், மின்சாரத்தால் சுழலும் விசிறியை நம்பிய அடுப்பைக் காட்டிலும் தானே காற்று இழுக்கும் அடுப்பையே வாங்குவது விவேகம்.

மரமும் உயிர்தானே, அதை எரிப்பது எந்த ஜீவகாருண்யத்தில் சேர்ந்தது என்று ஒருவர் கேட்டால், அது வீண் வாதம் அல்ல. தாவரங்களும் உயிரே என்பதை ஒப்புக்கொண்டே, வித்தையும் காயையும் கனியையும் தழையையும் கொள்வதில், நகத்தையும் ரோமத்தையும் களைவதைப் போல, உயிர்க்கொலை இல்லை என்று வள்ளலார் சமாதானம் சொல்லியிருக்கிறார். அந்த வழியே சென்றால், உதிர்ந்த சுள்ளி, தென்னை மட்டை, பாளை, பன்னாடை, கவாத்துச் செய்த முந்திரிக் கிளை, புயல் சாய்த்த மரம் ஆகியவற்றை எரிப்பதில் குற்றமில்லை. நிற்கும் மரத்தை அடுப்புக்காகவே வெட்டுவதில்தான் மனம் கூச வேண்டும். கடலூர்க் கடற்கரை மணலில் சவுக்கைப் பயிராகவே வளர்த்து அறுக்கிறார்கள். அதை விதைத்தவரே அறுவடை செய்கிறார் என்பதால் காட்டை அழிப்பதோடு அதைச் சேர்க்க மாட்டேன். சிறிய அடுப்பின் மேன்மை இங்கேதான் விளங்குகிறது. சிறிய வாய்க்குச் சுள்ளியே போதும். பெரிய கட்டையை அது ஏற்பதே இல்லை. அளவாக வாழ் என்று உபதேசிக்காமலே அந்த அளவை அது வீட்டின்மேல் வைத்துவிடுகிறது. ஆனால் சிறியது என்பதற்காக, குடும்பத்துக்கு வேண்டியதைத் தவிர வேறொன்றும் அதில் வேகாதபடி குறுக்கிவிடக் கூடாது. அடுப்பாகிய கொலைக்களத்துக்கு விருந்தோம்பலே பிராயச்சித்தம் என்று விதித்திருக்க, எதிர்பாராமல் வந்த ஒருவருக்கும் சேர்த்துப் பொங்கும் பானையை அது தாங்க வேண்டும்.

இன்னும் ஒன்று. வீட்டுக்குள்ளேயே அடுப்பு அமைக்கிறவர்கள் புகைபோக்கி வைத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். புகைபோக்கி வைக்கத்தான் வேண்டும். கூரை முகட்டுக்கு மேலே அது உயர வேண்டும். உள்ளே படியும் கரியை அவ்வப்போது தட்டி எடுக்க வேண்டும். ஆனால் நம் அடுக்களையை விட்டுப் போன புகை எங்கும் போய்விடவில்லை. வீடுகள் நெருங்கிய தெருவில் அது அடுத்த வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் முதியவருடைய மூச்சில் போய்ச் சேருகிறது. தன்னை விட்டு அகற்றிய துன்பம் பிறரைச் சென்று சேருமானால் அதற்கு ஜீவகாருண்யம் என்று பெயரிட முடியாது. ஆகையால் புகையை வெளியே அனுப்பும் அடுப்பைக் காட்டிலும், புகையை உள்ளேயே எரித்து முடிக்கும் அடுப்பு ஒரு படி உயர்ந்தது. இரண்டும் சேர்ந்து வாய்த்தால் அது உத்தமம்.

இவ்வளவையும் அறிந்த பெரியவர்கள் முன்பே பாடுபட்டிருக்கிறார்கள். 1934இல் காந்தியடிகள் தொடங்கி, தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா நடத்திவந்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தார் வார்தாவில் ‘மகன் சூலா’ என்னும் புகையில்லா அடுப்பை அமைத்தார்கள். ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியியல் அறிஞர் புகைபோக்கியோடு கூடிய மண்ணடுப்பை வகுத்து, 1953இல் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார்; அது அச்சேறியது நம் சென்னையில். 1983இல் மத்திய அரசு ஒரு தேசியத் திட்டமே வகுத்து, கோடிக்கணக்கான வீடுகளில் சீர்திருத்திய அடுப்புகளை வைத்தது. 2002இல் அத்திட்டம் முடிந்தபோது அவற்றுள் பல இடிந்தும் கைவிடப்பட்டும் கிடந்தன. ஒருவர் வீட்டுப் பானைக்குப் பொருந்தவில்லை. ஒருவருக்குக் களி கிளறும்போது பானை ஆடியது. ஒருவர் வீட்டில் புகைபோக்கி அடைத்துக்கொண்டது, யாரும் வந்து பார்க்கவில்லை. நல்லெண்ணம் குறைந்ததால் அவை தோற்கவில்லை. அடுப்பின் முன் உட்காரப் போகிறவளை ஒரு வார்த்தை கேளாமல் வகுத்ததால் தோற்றன.

ஆகவே, வீட்டுக்கு விறகடுப்பு வாங்கப் புறப்படுகிற ஆண்மகன் தனியே போகக் கூடாது என்பது என் துணிபு. மனைவியோ தாயோ, யார் அதில் சமைக்கப் போகிறார்களோ அவர் உடன் போக வேண்டும். குனிந்து ஊத வேண்டியிருக்கிறதா, நின்றபடி சமைக்க மேடை கட்டலாமா என்று அவர் பார்க்க வேண்டும். கூடுமானால் வீட்டுப் பானையையும் நாலு சுள்ளியையும் எடுத்துச் சென்று, விலை பேசுவதற்கு முன்னால் ஒரு படி தண்ணீரைக் காய்ச்சிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கொதிப்பதற்குள் அவருக்குக் கண் கரித்தால், அந்த அடுப்பு எவ்வளவு மலிவானாலும், எவ்வளவு அழகானாலும், அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போக வேண்டியதுதான்.